பதினொரு மணிக்கு மூன்று மில்லி

மகள் பிறந்து ஐந்து நாள். எடை தொள்ளாயிரத்து நாற்பது கிராம். இன்னும் பதினொரு வாரம் பாக்கி இருக்கும்போதே அவசரப்பட்டு வந்துவிட்டவள். இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை மூன்று மில்லி பால், ஒரு தேக்கரண்டிக்கும் குறைவு, நூல் மாதிரியான ஒரு குழாய் வழியாக அவள் வயிற்றில் இறங்கும். அவளுடைய அம்மா, ரத்த அழுத்தம் ஏறி, அவசரமாக ஆபரேஷன் செய்து, பிறகு காய்ச்சலும் வந்து, இரண்டு மாடி கீழே படுத்திருந்தாள். பால் இன்னும் ஊறவில்லை. அதனால் மகள் குடித்ததெல்லாம் யாரோ ஒரு தாய் ஆஸ்பத்திரியின் தாய்ப்பால் வங்கிக்குக் கொடுத்த பால்.

முதல் நாட்களில் அதுவும் ஒட்டவில்லை. கொடுத்தது கொடுத்தபடி வயிற்றில் நின்றது. வயிறு உப்பியது. நிறுத்தினார்கள், மறுபடி ஆரம்பித்தார்கள். நேற்றுதான் முதல்முறையாக எல்லாம் செரித்தது.

"இதை விட்டுடாம பிடிச்சுக்கணும்," என்றார் டாக்டர். "இப்ப நிறுத்துனா மறுபடியும் முதல்லேருந்து வரணும். பவுடர் பாலையெல்லாம் இந்தக் குடல் தாங்காது."

அப்பாக்காரன் கண்ணாடிச் சுவருக்கு வெளியே ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தான். அதே ஆஸ்பத்திரியின் டேட்டாபேஸைப் பார்த்துக்கொள்கிற ஆள் அவன்தான். பன்னிரண்டு வருட வேலை. 'சர்வர் சார்' என்றால்தான் எல்லோருக்கும் தெரியும். புதிதாக வந்தவர்கள் யாராவது அந்தப் பெயரைக் கேட்டுவிட்டு, "ரெண்டு காபி சொல்லலாமா?" என்பார்கள், பழையவர்கள் சிரிப்பார்கள், அவனும் லேசாகச் சிரித்துவைப்பான். வாயைத் திறந்தால் முத்து உதிர்ந்துவிடும் என்கிற ரகம். அவனிடம் ஒன்று கேட்டால் பதில் வரும், கேட்டவர் ஒரு நடை வெளியே போய்விட்டு வந்தால் வரும் என்பது அலுவலகத்தில் புழங்கும் பேச்சு.

இப்போது அவன் லீவில் இருந்தான். ஐந்து நாளாக அந்த நாற்காலிதான் அவனுக்கு வீடு. ஒன்பது மணிப் பால் இறங்கியதைக் கண்ணாடி வழியாகப் பார்த்தாயிற்று. இனிப் பதினொன்று.

ஒன்பதரைக்கு உள்ளேயிருந்து நர்ஸ் வந்தாள். முகக்கவசத்தை இறக்கிவிட்டுக்கொண்டு, எப்படிச் சொல்வது என்று யோசிக்கிற மாதிரி நின்றாள்.

"சார், லீவுல இருக்கீங்கன்னு தெரியும். ஆனா உங்ககிட்டதான் சொல்லணும்போல இருக்கு. இன்னைக்கான பால் இன்னும் கீழேருந்து வரல. நேத்து அனுப்பினது ஒன்பது மணியோட தீர்ந்துபோச்சு."

"ஏன்?"

"கம்ப்யூட்டர் வேலை செய்யலையாம். பால் வங்கி அக்கா தலையில கைய வெச்சு உக்காந்திருக்காங்களாம்."

"பதினொரு மணிக்கு வரலைன்னா?"

"டாக்டர் வெறும் ட்ரிப்ஸ் மட்டும் ஏத்தச் சொல்வாரு," என்றாள் நர்ஸ். அவன் எழுந்து கீழே போனான்.

தாய்ப்பால் வங்கி தரைத்தளத்தில் ஒரு மூலை அறை. இரண்டு உறைபெட்டி, ஒரு குளிர்பெட்டி, பளபளவென்று துடைத்த ஸ்டீல் மேசை, தரையில் ஒரு மஞ்சள் கோடு. கோட்டுக்கு அந்தப் பக்கம் வெளியாட்கள் கால் வைக்கக் கூடாது. அந்த அறையின் பொறுப்பாளரைப் பால் அக்கா என்றுதான் எல்லோரும் சொல்வார்கள். அவரைவிட மூத்த டாக்டர்கள்கூட. அக்காவின் ராஜ்ஜியத்தில் தேதி ஒட்டாத பொருள் கிடையாது. சோப்பு பாட்டிலில் திறந்த தேதி, வீச வேண்டிய தேதி. பேனாவில் தேதி. சுவர்க் கடிகாரத்தில் பேட்டரி போட்ட தேதி. நாள் தாண்டிய பால் ஒரு நிமிடம்கூட அங்கே இருக்காது. கண்ணை மூடிக்கொண்டு சிங்கில் ஊற்றிவிடுவார். ஊற்றும்போது முகத்தைத் திருப்பிக்கொள்வார் என்றும் சொல்வார்கள்.

இவனைப் பார்த்ததும் அக்கா எழுந்தார். "நீங்களா? வேற யாரையாவது அனுப்பச் சொன்னேனே. உங்களுக்கு இருக்கிற தலைவலி போதாதா?"

"பரவாயில்லக்கா."

அவர் திரையைக் காட்டினார். நிரல் திறக்கிறது, பாட்டில் எண்ணைக் கேட்கிறது, ஸ்கேனரால் தொட்டதும் ஒரே ஒரு வரியைச் சொல்லிவிட்டு மூடிக்கொள்கிறது. இந்த வெர்ஷன் சர்வருடனான இணைப்புக்கு இனி ஆதரவு இல்லை என்ற பொருளில் ஓர் ஆங்கில வரி. அவன் அதை இரண்டாம் முறை படிக்கவேண்டியிருக்கவில்லை. இந்த வரி ஒருநாள் எங்காவது தலைகாட்டும் என்று அவனுக்கு இரண்டு வருடமாகத் தெரியும்.

"இதுல ஏதாவது மாத்துனீங்களாக்கா?"

அக்கா ஸ்டூலில் உட்கார்ந்தார். "மாத்துனேன். மறைக்க மாட்டேன். நேத்து மத்தியானம் வேலையெல்லாம் முடிஞ்சு கொஞ்ச நேரம் கெடச்சுது. சரி, இந்தப் பெட்டியையும் சுத்தம் பண்ணுவோம்னு உள்ள என்னென்ன இருக்குன்னு பார்த்தேன். சர்வரோட பேசுற கிளையண்ட்டுன்னு ஒண்ணு. தேதி பாத்தா ஒன்பது வருஷத்துக்கு முந்தி. ஒன்பது வருஷம், தம்பி. மூணு மாசம் தாண்டினதையே நான் வெச்சுக்க மாட்டேன். அதைப் பாத்துட்டு எனக்கு எப்படித் தூக்கம் வரும்?"

"தூக்கிட்டீங்க."

"தூக்கிட்டு, குப்பைத்தொட்டியையும் காலி பண்ணிட்டேன். புதுசு ஒண்ணு பொது ஃபோல்டர்ல இருந்துச்சு. நீங்க போட்டதுதான், உங்க பேரு இருந்துச்சு. சர்வர் சார் போட்டது, தப்பா இருக்குமான்னு எடுத்துப் போட்டேன். பாலெல்லாம் காலையிலேயே மேல அனுப்பியாச்சு, அதனால நேத்து தெறந்து பாக்கல. இன்னைக்கு ஒன்பதுக்குத் தெறந்தா இப்படி."

அவன் பேசாமல் நின்றான். அக்கா அதைக் கோபம் என்று எடுத்துக்கொண்டிருக்க வேண்டும். "திட்டணும்னா திட்டிடுங்க," என்றார்.

அவன் திட்ட நினைக்கவில்லை. மூன்று வாரத்துக்கு முன்னால் எக்ஸ்ரே பிரிவுக்காக அந்தப் புதிய கிளையண்ட்டைப் பொது ஃபோல்டரில் வைத்தவன் அவன்தான். எக்ஸ்ரேக்காரர்களுக்குப் புது சர்வர், அவர்களுக்குச் சரி. வைக்கும்போதே, 'பழைய சர்வருக்கு இது ஆகாது' என்று ஒரு வரி எழுதி வைக்கவேண்டும் என்று நினைத்தான். யாரும் கேட்கவில்லை. எழுதவில்லை. அந்தப் பழைய சர்வரை மாற்றவேண்டும் என்று இரண்டு வருடமாக ஒவ்வொரு கூட்டத்திலும் பேச்சு வரும். மாற்றினால் எது எது உடையும் என்று அவன் மனதுக்குள் ஒரு பட்டியல் ஓடும். பட்டியல் நீண்டுகொண்டே போகும். கடைசியில், "பாக்கலாம்," என்பான். அந்தச் சொல்லோடு இன்னொரு மூன்று மாதம் ஓடிவிடும்.

"அதுக்கும் இதுக்கும் என்ன சண்டை, அதையாவது சொல்லுங்க," என்றார் அக்கா.

"ரெண்டும் பேச ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடி, நீ எந்த வெர்ஷன்னு கேட்டுக்கும்க்கா. சர்வர் பதினொண்ணு. உங்ககிட்ட இருந்தது பன்னெண்டு. இப்ப போட்டது இருபத்தொண்ணு. ரொம்பப் பின்னாடி இருக்கிறதோட இது பேசாது. கதவைச் சாத்திடும்."

"எங்க பெரிய மாப்பிள்ளை மாதிரி."

அவனுக்குச் சிரிப்பு வந்தது. அந்த நேரத்தில் வந்ததே என்று அவனே ஆச்சரியப்பட்டான்.

குளிர்பெட்டியில் நேற்றே உருகவைத்த மூன்று பாட்டில் காத்திருந்தது. பாட்டிலின் மேல் எண் மட்டும்தான் இருக்கும். அந்தப் பாலைக் கொடுத்தவருடைய ரத்தப் பரிசோதனை, பாலைச் சூடாக்கிப் பதப்படுத்திய நாள், அதன் பிறகு செய்த கிருமிப் பரிசோதனை எல்லாம் டேட்டாபேஸில். ஸ்கேன் செய்து, திரையில் வருவதை இரண்டு பேர் பார்த்து, குழந்தையின் பெயரோடு புதுச் சீட்டு அச்சான பிறகுதான் பாட்டில் மஞ்சள் கோட்டைத் தாண்டும்.

அவனுக்கு ஒரு வழி தோன்றியது. சர்வர் நன்றாகத்தான் இருக்கிறது. அலுவலகத்திலிருந்து ஒருவர் சர்வருக்குள்ளேயே போய், மூன்று எண்ணுக்கும் உள்ள விவரத்தைப் போனில் படித்துவிட்டால் ஐந்து நிமிட வேலை. சொன்னான்.

அக்கா மேசையிலிருந்த ஒரு பாட்டில் மூடியை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"ஆறையும் ஒன்பதையும் மாத்திப் படிச்சா என்ன ஆகும் தம்பி?"

"மெதுவா படிக்கச் சொல்லலாம்."

"மெதுவாத்தான் படிப்பாங்க. எல்லாரும் கவனமாத்தான் இருப்பாங்க. தப்பு நடக்கிற அன்னைக்கும் எல்லாரும் கவனமாத்தான் இருந்திருப்பாங்க. போன்ல நம்பர் கேட்டு நான் பால் குடுக்க மாட்டேன். டைரக்டர் சொன்னாலும் மாட்டேன். உங்க பொண்ணுக்கு இல்ல, என் பேத்திக்கே ஆனாலும் மாட்டேன்." பிறகு குரலைத் தாழ்த்தி, "மனசுல வெச்சுக்காதீங்க," என்றார்.

மணி ஒன்பது ஐம்பது. அவனுக்குக் கோபம்தான் வந்திருக்க வேண்டும். வந்தது வேறு ஏதோ. ஐந்து நாளாக மகளின் உடம்புக்குள் போன ஒவ்வொரு சொட்டும் இந்த அம்மாளின் பிடிவாதத்தைத் தாண்டித்தான் போயிருக்கிறது. நேற்றும், முந்தாநாளும், அவன் நாற்காலியில் தூங்கி வழிந்துகொண்டிருந்தபோதும். அதை அவன் இதுவரை நினைத்துப் பார்த்ததில்லை.

"சரிக்கா," என்றான். "பழைய கிளையண்ட்டைத் தேடுறேன்."

தேடுவது சொல்வதைப் போல் அவ்வளவு லேசில்லை. அதைச் செய்த கம்பெனி எப்போதோ அதைத் தன் இணையப் பக்கத்திலிருந்து எடுத்துவிட்டது. அவனிடம் ஒரு பிரதி உண்டு, வீட்டில், ஒரு பழைய ஹார்ட் டிஸ்கில். போய்வர இரண்டு மணி நேரம். அலுவலகத்துக்குப் போன் போட்டான். அடுத்த மேசைக்காரி எடுத்தாள். அவன் லீவில் போனால் அவன் வேலையெல்லாம் அவள் தலையில்தான் விழும்.

"பாப்பா எப்படி இருக்கா?" என்றாள் முதலில்.

"நல்லா இருக்கா. பால் வேணும். சர்வர்ல யார் யார் இப்ப நேரா இணைஞ்சிருக்காங்க, என்ன வெர்ஷன் கிளையண்ட்ல வந்திருக்காங்கன்னு ஒரு பட்டியல் எடுத்துப் படி."

"இப்ப சர்வரையே புது வெர்ஷனுக்கு மாத்திட்டா என்ன? எத்தனை நாளா சொல்லிக்கிட்டிருக்கேன்."

"முழுசா ஒரு நாள் ஆகும். ஆஸ்பத்திரி மொத்தமும் நிக்கும். எனக்கு ஒரு மணி நேரம்தான் இருக்கு."

விசைப்பலகைச் சத்தம் கேட்டது. இந்தப் பழைய சர்வருக்கு மற்ற பிரிவுகளெல்லாம் பிரவுசர் வழியாக வருகிறவை. அவற்றுக்குக் கிளையண்ட் தேவையில்லை. ஸ்கேனரோடு ஒட்டிக்கொண்ட பழைய நிரல் என்பதால்தான் பால் அக்காவின் அறை மட்டும் நேராகப் பேசுகிறது என்று அவன் நினைத்துக்கொண்டிருந்தான்.

"ஒண்ணு இருக்கு," என்றாள் அவள். "பன்னெண்டு. அதே பன்னெண்டு. எங்கேருந்து தெரியுமா? சலவைக்கூடம்."

அவன் கண்ணை மூடிக்கொண்டான். சலவைக்கூடம். இரண்டு வருடத்துக்கு முன்னால் எல்லாப் பிரிவுகளையும் பிரவுசருக்கு மாற்றியபோது, மாறமாட்டேன் என்று நின்ற ஒரே ஆள் சலவை அண்ணன். அவன் மூன்று முறை போய்ப் பார்த்துவிட்டு, அறிக்கையில் 'ஒத்துழைப்பு இல்லை' என்று எழுதிவிட்டு வந்தான்.

சலவைக்கூடம் ஆஸ்பத்திரியின் பின்கட்டில். ஆளுயர இயந்திரங்கள் நான்கு சுற்றிக்கொண்டிருந்தன. வெதுவெதுப்பான நீராவி, சோப்பு வாசனை, காதைப் பிளக்கும் இரைச்சல். மெல்லிய பஞ்சுத்தூசி எல்லாவற்றின் மேலும் படிந்துகிடந்தது. மூலையில் பிளாஸ்டிக் உறை போர்த்திய ஒரு கம்ப்யூட்டர். அதன் நெற்றியில் ஓர் அட்டை: 'தொடாதே. கேட்டாலும் தொடாதே.'

சலவை அண்ணன் ஒரு தள்ளுவண்டியிலிருந்து போர்வைகளை இறக்கிக்கொண்டிருந்தார். அகன்ற தோள், வெளுத்துப்போன விரல்கள்.

"வாங்க சர்வர் சார். இந்தத் தடவை போலீஸோட வருவீங்கன்னு நெனச்சேன்."

"அண்ணே, உங்க கம்ப்யூட்டர் வேணும்."

"அட்டையைப் படிச்சீங்களா?"

"படிச்சேன்."

"ரெண்டு வரியையும்?"

"மாத்த வரல அண்ணே. உங்ககிட்ட இருக்கிற பழசை எடுத்துட்டுப் போக வந்தேன். பிரதிதான். உங்களுது உங்ககிட்டயே இருக்கும்."

அண்ணன் போர்வையைக் கீழே வைத்தார். "பழசா? அது ஆகாது, ஆபத்து, நாளைக்கே செத்துடும்னு எனக்குப் பாடம் எடுத்த ஆளு நீங்கதானே?"

"ஆமா."

"இப்ப அது வேணும்?"

"ஆமா அண்ணே. நான் சொன்னதும் சரிதான். இப்ப வேணும்கிறதும் சரிதான்."

அவர் அவனை ஒரு நிமிடம் உற்றுப் பார்த்தார். ஐந்து நாள் தாடி, கசங்கிய சட்டை. என்ன தெரிந்ததோ, மேற்கொண்டு கிண்டல் செய்யவில்லை. பிளாஸ்டிக் உறையை மடித்துத் தூக்கினார்.

பென் டிரைவ் உள்ளே போகவில்லை. துவாரம் முழுக்கப் பஞ்சு அடைத்திருந்தது. அண்ணன் மேசை இழுப்பறையிலிருந்து ஒரு பல் தேய்க்கும் பிரஷை எடுத்து, அதற்கென்றே வைத்திருப்பவர் போல நிதானமாகக் குடைந்தார். சாம்பல் நிறத்தில் ஓர் உருண்டை வந்தது. அதை ஊதிவிட்டு, "இப்பப் போடுங்க," என்றார்.

கிளையண்ட் மொத்தமும் ஒரே ஃபோல்டர். சர்வரின் விலாசம் எழுதிய சின்னக் கோப்பும் அதற்குள்ளேயே இருந்தது. பிரதி எடுக்கத் தொடங்கினான். பதினொரு நிமிடம் ஆகும் என்றது கம்ப்யூட்டர். மணி பத்து இருபது.

நிற்பதைத் தவிர வேறு வேலை இல்லை. அண்ணன் ஓரமாக இருந்த ஒரு தனிக் கூடையை இழுத்து, அதிலிருந்தவற்றை மடிக்கத் தொடங்கினார். கைக்குட்டை மாதிரியான துணிகள். விரிப்பு, இன்குபேட்டர் மூடும் போர்வை, உள்ளங்கை அளவுத் தொப்பி.

"இதைப் பெருசுங்களோட போட மாட்டேன்," என்றார் அவர், கேட்காமலே. "தனி மெஷின், தனி சோப்பு. கையாலதான் மடிக்கணும். மேல எத்தனை பேரு இருக்காங்கன்னு எனக்குக் கணக்கு தெரியும். முகம் பாத்ததில்ல. துணியை வெச்சே தெரியும். போன வாரம் அஞ்சு பேரு. அஞ்சு நாளா ஆறு. ஆறாவது ரொம்பப் பொடிசு. தொப்பியை ரெண்டா மடிச்சுத் தெச்சிருக்காங்க, பாருங்க."

ஒரு மஞ்சள் தொப்பியை நீட்டினார். ஓரத்தில் யாரோ ஒரு நர்ஸ் போட்ட கோணல்மாணலான தையல்.

அவன் அதை வாங்கிப் பார்த்தான். நேற்றுவரை கண்ணாடிக்கு அந்தப் பக்கம் பார்த்த தொப்பி.

"அது என் பொண்ணு அண்ணே," என்றான்.

நான்கு இயந்திரங்களும் சுற்றிக்கொண்டிருந்தன. அண்ணன் தொப்பியை அவன் கையிலிருந்து திரும்ப வாங்கி, முன்னைவிட மெதுவாக மடித்து, அடுக்கின் மேல் வைத்தார். அவனுக்குப் பேசாமலிருப்பது புதிதில்லை. ஆனால் பக்கத்தில் இன்னொருவர் அவனுக்குச் சமமாகப் பேசாமல் நின்றது புதிது. அது தெம்பாக இருந்தது.

"இந்தப் பழசு எதுக்கு வேணும்?" என்று கடைசியில் கேட்டார்.

"அவளுக்குப் பால் எடுக்க."

அண்ணன் திரையைப் பார்த்தார். அறுபது சதவீதம். "முன்னாடியே சொல்லக்கூடாதா? நான் பாட்டுக்கு நக்கல் பண்ணிக்கிட்டு நிக்கிறேன்," என்றார். பிறகு, அந்தக் கம்ப்யூட்டர் ஏதோ சண்டி மாடு என்பது போல அதன் முதுகில் ஒரு தட்டு தட்டினார். "சீக்கிரம் போடா."

பத்து நாற்பதுக்கு அவன் மூலை அறைக்குத் திரும்பினான். நடந்து வந்தானா ஓடி வந்தானா என்று பின்னால் யோசித்தபோது நினைவில்லை. ஃபோல்டரை இறக்கினான். நிரலைத் திறந்தான். அக்கா ஸ்கேனரை நீட்டினார்.

அதே வரி. இனி ஆதரவு இல்லை.

பன்னிரண்டு வருடத்தில் இப்படிப்பட்ட வரிகள் ஆயிரம் பார்த்திருப்பான். ஒன்றுகூட அவனைத் தொட்டதில்லை. தெரிந்த வேலை, தெரிந்த கை, தெரிந்த எழுத்துகள். ஆனால் இப்போது அந்த எழுத்துகள் ஒன்றோடொன்று சேரமாட்டேன் என்றன. கடிகாரத்தைப் பார்க்கக் கூடாது என்று நினைத்துக்கொண்டே பார்த்தான். பத்து நாற்பத்தாறு.

"தம்பி," என்றார் அக்கா. "உக்காருங்க. நின்னுக்கிட்டுப் பாக்காதீங்க."

உட்கார்ந்தான்.

"நான் புதுசா வர்ற பொண்ணுங்களுக்குச் சொல்றது இதுதான். பாட்டிலைப் பார்த்து என்ன இருக்கணும்னு நெனக்கிறமோ அதைப் படிக்காதே. என்ன எழுதியிருக்கோ அதைப் படி."

அவன் திரையை முதல் எழுத்திலிருந்து படித்தான். பிழை வரிக்குக் கீழே பொடி எழுத்தில் கிளையண்ட் வெர்ஷன் எழுதியிருந்தது. இருபத்தொன்று. பன்னிரண்டு இல்லை. ஓ, என்றான் மனதுக்குள். பழையது வந்து வாசலில் நிற்கிறது. ஆனால் நிரல் கூப்பிடும்போது முன்வரிசையில் நிற்கிற புதியதுதான் எழுந்து போகிறது. கிளையண்ட்டை எங்கெங்கே தேட வேண்டும் என்று கம்ப்யூட்டருக்கு ஒரு வரிசை உண்டு. நேற்றுப் போட்டது அதில் முதலில் ஏறி உட்கார்ந்திருந்தது. அவன் அந்த வரிசையைத் திறந்து, பழையதை மேலே ஏற்றி, புதியதைக் கீழே இறக்கினான். நிரலை முழுக்க மூடினான். திறந்தான்.

அக்கா முதல் பாட்டிலை ஸ்கேனருக்கு அடியில் வைத்தார்.

ஒரு கணம் வெள்ளைத் திரை. பிறகு, வரிசை வரிசையாக, பச்சை எழுத்துகள்.

அக்கா நீண்ட மூச்சு ஒன்றை விட்டார், அவ்வளவுதான். அதன்பிறகு அவர் அவசரப்படுவார் என்று அவன் எதிர்பார்த்தான். அக்கா கையைக் கழுவினார். விரல் விரலாக. பக்கத்து அறை நர்ஸை அழைத்தார். "நீங்க கோட்டுக்கு அந்தப் பக்கம் போயிடுங்க," என்று அவனிடம் சொன்னார். அவன் போய் நின்றான். அக்கா எண்ணைப் படிக்க, நர்ஸ் திரையில் பார்த்துத் திரும்பச் சொன்னாள். பரிசோதனை, சரி. பதப்படுத்திய நாள், சரி. கிருமி இல்லை, சரி. மூன்று பாட்டிலுக்கும். அச்சு இயந்திரம் கிரீச்சிட்டு, அவனுடைய மகளின் சீட்டைத் துப்பியது. அதில் இன்னும் பெயர் இல்லை. 'குழந்தை' என்றும், அம்மாவின் பெயரும்.

பத்து ஐம்பத்தெட்டு.

"எடுத்துட்டுப் போறேன்," என்று நர்ஸ் பெட்டியோடு லிஃப்டுக்குப் போனாள்.

அவன் அவள் பின்னாலேயே போயிருப்பான். அதற்கு முன் ஒன்று சொல்ல வேண்டியிருந்தது. சொல் தொண்டைக்கு வர வழக்கம்போல நேரமெடுத்தது. அக்கா காத்திருந்தார்.

"தப்பு என்னோடதுக்கா. புதுசு இதோட பேசாதுன்னு எனக்கு அன்னைக்கே தெரியும். ஒரு வரி எழுதி வெச்சிருக்கணும்."

"அழிச்சது நான்."

"அழிக்கக்கூடாதுன்னு உங்களுக்கு யார் சொன்னா? யாரும் சொல்லல. நான்தான் சொல்லியிருக்கணும்."

"சரி, பாதி உங்களுது, பாதி என்னுது. இதுக்கெல்லாம் அடிச்சுக்க முடியாது." அக்கா இழுப்பறையிலிருந்து ஒரு வெள்ளைச் சீட்டையும் பேனாவையும் எடுத்து நீட்டினார். "இப்ப எழுதுங்க. திரை ஓரத்துல ஒட்டிடலாம்."

'பழைய கிளையண்ட். சர்வரும் பழையது. அழிக்க வேண்டாம்' என்று எழுதிக் கொடுத்தான்.

அக்கா படித்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார். "தேதி?"

இன்றைய தேதியைப் போட்டான்.

"இது வெச்ச தேதி. எடுக்கிற தேதி எங்க? எடுக்கிற தேதி இல்லாம இந்த ரூம்ல ஒரு பொருள் இருக்காது. உங்களுக்குத் தெரியாதா?"

அவன் பேனாவைப் பிடித்துக்கொண்டு நின்றான். பழைய கிளையண்ட்டை எடுக்கிற தேதி என்றால் பழைய சர்வரை மாற்றுகிற தேதி. இரண்டு வருடமாக எந்தக் கூட்டத்திலும், எந்த அதிகாரி கேட்டும், அவன் வாயிலிருந்து வராத தேதி. எது எது உடையும் என்ற பட்டியல் மனதில் ஓடத் தொடங்கியது. இந்த முறை அதை ஓடவிட்டுவிட்டு, கை பாட்டுக்கு எழுதியது. மூன்று மாதம் தள்ளி ஒரு தேதி. கீழே கையெழுத்து.

"தாண்டினா சிங்க்ல ஊத்திடுவேன்," என்றார் அக்கா.

பதினொன்று ஐந்துக்கு, காலையில் சேதி சொன்ன நர்ஸ் ஊசிக்குழாயை இன்குபேட்டருக்கு மேலே பிடித்திருந்தாள். அழுத்திச் செலுத்துவதில்லை. பால் தன் கனத்தால் தானே இறங்கவேண்டும். கண்ணாடி வழியாக அவன் ஊசிக்குழாயில் பால் நின்ற மூன்று மில்லிக் கோடுகளைப் பார்த்துக்கொண்டிருந்தான். பால் ஒரு கோடு கீழே வந்தது. பிறகு இன்னொன்று.

அந்தப் பாட்டில்களைக் கொடுத்தவருடைய எண் திரையில் வந்தபோது அவன் கண்ணில் பட்டிருந்தது. முந்நூற்றுப் பதினெட்டு. எண் மட்டும்தான் வரும். ஆனால் அவன் நினைத்தால், அவனுடைய மேசையில் உட்கார்ந்து ஒரே ஒரு வரி தட்டினால், பெயர் வரும், தெரு வரும், போன் எண் வரும். ஆஸ்பத்திரியில் அதைச் செய்ய முடிந்த இரண்டே பேரில் ஒருவன் அவன். நன்றி சொல்லவேண்டும் என்று அவ்வளவு ஆசையாக இருந்தது. எங்கோ ஒரு வீட்டில், தன் குழந்தையை உறங்கவைத்துவிட்டு, முகம் தெரியாத ஒரு குழந்தைக்காகக் கொஞ்ச நேரம் உட்கார்ந்த ஒரு பெண். தன் எண் எண்ணாகவே இருக்கும் என்று நம்பித்தான் அவள் கொடுத்திருப்பாள். அந்த நம்பிக்கையைக் காப்பாற்றுவதுதான் அவனுக்குக் கொடுத்த வேலை. அவன் அந்த வரியைத் தட்டப்போவதில்லை. தட்டாமலிருப்பதுதான் அவளுக்குச் சொல்லக்கூடிய நன்றி என்று பட்டது.

கடைசிக் கோடும் இறங்கியது.

கீழே போய் மனைவியின் கட்டிலருகே உட்கார்ந்தான். காய்ச்சல் விட்டிருந்தது. "பால் குடிச்சாளா?" என்றாள். வழக்கமாக அவன், "ம்," என்பான்.

இன்று அவன் சொல்ல ஆரம்பித்தான். அக்கா அழித்தது, தான் எழுதாமல் விட்டது, போனில் படிக்கக் கூடாது என்று அக்கா நின்றது, பல் பிரஷ், பஞ்சு உருண்டை, ஆறாவது குழந்தையைத் தொப்பியை வைத்தே தெரிந்துவைத்திருந்த ஒரு மனிதர். தண்ணீர்கூடக் குடிக்காமல் அரை மணி நேரம் சொன்னான். அவள் தலையணையில் சாய்ந்தபடி அவனையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஏங்க," என்றாள் முடிவில், "நீங்க யாரு? என் வீட்டுக்காரர் எங்க?"

"வருவான்."

"வேணாம். இவரே இருக்கட்டும்." சிரித்ததில் தையல் இழுத்து, முகத்தைச் சுளித்து, மறுபடியும் சிரித்தாள்.

ஒரு மணிக்கு முன்னதாகவே அவன் மேலே வந்துவிட்டான். அடுத்த பாலைக் கொடுக்கும் முன் ஒன்று செய்வார்கள். குழாயில் காலி ஊசிக்குழாயை மாட்டி மெதுவாகப் பின்னால் இழுப்பார்கள். முன்பு கொடுத்தது செரிக்காமல் நின்றிருந்தால் அது திரும்பி வரும். முதல் நாட்களில் ஒவ்வொரு முறையும் வந்தது. அவன் நாற்காலியில் உட்காரவில்லை. கண்ணாடியோடு ஒட்டி நின்றான்.

நர்ஸ் இழுத்தாள். ஊசிக்குழாயை வெளிச்சத்துக்கு நேராகத் தூக்கிப் பார்த்தாள். பிறகு கண்ணாடிக்கு இந்தப் பக்கம் இருந்த அவனுக்குத் தெரியும்படி திருப்பிக் காட்டினாள். உள்ளே ஒன்றுமில்லை. வெறும் காற்று.

அவள் வாசல்வரை வந்தாள்.

"எல்லாத்தையும் எடுத்துக்கிட்டா சார். டாக்டர்கிட்ட சொல்லிட்டேன். இப்பலேருந்து நாலு மில்லி."